மாடிப் பின்னறையில் ஆள் இருக்கு

பினாங்கில், டத்தோ கிராமாட் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் இருந்தது அந்த இரட்டை மாடி வீடு. அதன் வாசலில் நின்று யார் எதைக் கேட்டாலும் வீட்டுக்கார அக்கா பதில் சொல்லாமல் அனுப்பியதில்லை. ஒருமுறை ஒரு வெள்ளைக்காரத் தம்பதி கோயிலுக்கு வழி கேட்டார்கள். அக்கா சந்து முனை வரைக்கும் கூட்டிப்போய்க் கையைக் காட்டிவிட்டு வந்தார். வந்த பிறகு, அந்நேரம் நடை திறந்திருக்குமா என்று அவருக்குச் சந்தேகம். கோயில் குருக்களைக் கைப்பேசியில் பிடித்துக் கேட்டார். பிறகு கஃப்தான் அங்கியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர்கள் பின்னால் அரை ஓட்டமாகப் போனார். திரும்பி வந்து, மூச்சு வாங்க, "அஞ்சு மணிக்குத்தான் தொறப்பாங்களாம். சொல்லிட்டேன்" என்றார். யாரிடம் சொல்கிறார் என்று பார்த்தேன். வாசலில் நான் மட்டும்தான் இருந்தேன். நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

நான் அப்போது ஒரு தமிழ் நாளிதழின் பினாங்கு அலுவலகத்தில் செய்தியாளன். அந்த வீட்டின் மாடி முன்னறையில் வாடகைக்கு இருந்தேன். என் தொழிலில் எதிர்ப்படுகிறவர்களில் பெரும்பாலோர், விபத்தைக் கண்ணால் பார்த்திருந்தாலும் "சரியா கவனிக்கலைங்க" என்பார்கள். பக்கத்து வீட்டில் அடிதடி நடந்திருந்தால் "நமக்கு எதுக்கு வம்பு" என்று கதவைச் சாத்துவார்கள். அவர்களுக்கும் காரணம் இருக்கும். இந்த அக்கா வேறு மாதிரி. ஒரு கேள்வி பதிலில்லாமல் கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது. அதைவிடத் தாங்க முடியாதது, யாராவது தவறான பதிலைச் சொல்லிவிட்டு நிம்மதியாகப் போவது. பேருந்து எண்ணைத் தப்பாகச் சொன்ன காப்பிக் கடைக்காரரைத் திருத்த, நனைந்துகொண்டே சாலையைக் கடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

குள்ளமான உருவம். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை. பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வெகுகாலம் சோதனைப் பிரிவில் இருந்தவர். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் சில்லுகளைப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கும் வேலை. எதையாவது கூர்ந்து பார்த்தால் இடது கண் தானாகப் பாதி மூடிக்கொள்ளும். மனிதர்களையும் அப்படித்தான் பார்ப்பார். புருஷன் தாசேக் கெலுகோரில் செம்பனைத் தோட்டம் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

வீட்டைத் தடுத்துக் கீழே மூன்று, மேலே மூன்று என்று அறைகள். எல்லாவற்றுக்கும் ஒரே மீட்டர். கரண்டு பில் வரும் நாளில் வீடு சந்தைக்கடை ஆகும். ஏர்கான் போடாதவர்களும் ஏர்கான் போட்டவர்களும் சரிசமமாகக் கட்ட வேண்டியிருந்ததுதான் சண்டைக்குக் காரணம். யார் பகலில் ஏர்கானை ஓடவிட்டுப் போகிறார் என்பது அக்காவுக்குத் தெரியும். சொல்லவும் செய்வார். எதிராளி இல்லவே இல்லை என்பார்.

"எனக்குத் தெரியுது தம்பி. காட்டத்தான் முடியல" என்றார் என்னிடம் ஒருநாள். உண்மையிலேயே வருந்தினார். "ஃபேக்டரியில ஒவ்வொரு மெசினுக்கும் ஒரு கிளிப்பு மாட்டி வெச்சிருப்பாங்க. மெசின் நின்னா ஆபீஸ்ல கம்ப்யூட்டர்ல தெரிஞ்சிரும். ஓடுற மெசினை ஓடலன்னு ஒருத்தனும் சொல்ல முடியாது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிளிப்புகள் வீட்டுக்கு வந்தன. கொண்டுவந்தவர் சுங்கை பினாங் பக்கத்து வயர்மேன். நாற்பது வயதுக்காரர், வாய் ஓயாதவர். மெயினை அணைத்துவிட்டு மாடிப்படிக்கு அடியில் இருந்த மின்பெட்டியைத் திறந்தார். கீழ் முன்னறையில் குடியிருந்த செக்யூரிட்டி அண்ணன் வியர்வையோடு வெளியே வந்து, "என்னாக்கா, வீட்டுக்கு ஆபரேசனா?" என்றார்.

"ஸ்கேன் மட்டுந்தான் அண்ணே. வெட்ட மாட்டேன்" என்றார் வயர்மேன்.

அது சரியான விவரிப்பு. கிளிப்பு என்று அக்கா சொன்ன கிளாம்ப், ஒரு பக்கம் கீல் வைத்த கறுப்புப் பிளாஸ்டிக் வளையம். வயரை வெட்ட வேண்டாம், உரிக்க வேண்டாம். வளையத்தைத் திறந்து வயரைச் சுற்றி மூடினால் 'க்ளிக்' என்று கவ்விக்கொள்ளும். உள்ளே ஓடும் மின்சாரத்தை வெளியிலிருந்தே அளந்துவிடும். அறைக்கு ஒன்றாக ஆறு வளையங்கள். ஆறின் மெல்லிய வால்களும் ஒரு வெள்ளைப் பெட்டிக்குப் போயின. பெட்டி வீட்டு வைஃபை வழியாக அக்காவின் கைப்பேசிக்கு ஆறு கோடுகளை அனுப்பும்.

"தொடாமலே தெரியுமா?" என்று கேட்டார் அக்கா.

"தொடாமலே தெரியும்க்கா. உள்ள இருக்கிறவனுக்கே தெரியாது."

பெட்டியைப் பூட்டி மெயினைப் போட்டதும் அக்கா தன் எலெக்ட்ரிக் கெட்டலைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். ஒவ்வொரு அறையாகப் போய், செருகி, "போட்டாச்சு" என்று மேலிருந்து குரல் கொடுப்பார். வயர்மேன் கைப்பேசியைப் பார்த்து எந்தக் கோடு எழுகிறது என்று பேர் வைப்பார். ஐந்து அறைகளுக்குச் சரியாக வந்தது. ஆறாவது, மாடிப் பின்னறை. அப்போது அது காலியாக இருந்தது. அக்கா போட்டாச்சு என்றார். கோடு அசையவில்லை.

"ஒன்னும் காட்டலக்கா. பிளக்கை நல்லா செருகுங்க."

"இங்க தண்ணி கொதிக்குது. நீங்க பூஜ்யம்னு சொல்றீங்க."

"மெசின் அப்படித்தான் சொல்லுது."

"அப்ப மெசின் பொய் சொல்லுது. தொறந்து பாருங்க."

வயர்மேன் மறுபடி மெயினை அணைத்து மூடியைக் கழற்றினார். ஒரே உறையில் சேர்ந்து வந்த இரண்டு வயரையும் அந்த வளையம் ஒன்றாகக் கவ்வியிருந்தது. அவர் சிரித்துவிட்டார். "போற வயரு, வர்ற வயரு ரெண்டையும் சேத்துப் புடிச்சிட்டேன்க்கா. போறதும் வர்றதும் ஒன்னையொன்னு அடிச்சிக்கிட்டா மிச்சம் பூஜ்யம்தான். ஆளு இருக்கும், இருக்கிற மாதிரி தெரியாது." ஒரு வயரை மட்டும் பிரித்து வளையத்துக்குள் விட்டார். மாடிப் பின்னறையின் கோடு செங்குத்தாக எழுந்தது. அக்கா கீழே வந்து அதைப் பார்த்து, "இப்ப சரி" என்றார். வயர்மேனுக்குத் தோசை சுட்டுக் கொடுத்து அனுப்பினார்.

அதன் பிறகு பில் நாளில் சண்டை இல்லை. அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். கைப்பேசியைத் திருப்பிக் காட்டுவார், எதிராளி கட்டிவிட்டுப் போவார். ஆனால் கோடுகள் பில் நாளில் மட்டும் வருவதில்லை, எப்போதும் வந்துகொண்டிருந்தன. கொஞ்ச நாளில் அவர் அவற்றைப் படிக்கப் பழகிவிட்டார். கூரைக் காத்தாடியின் கோடு தரையோடு ஊரும். ஏர்கான் மலையும் பள்ளமுமாகப் போகும். வாட்டர் ஹீட்டர் சுவர் போல எழுந்து, கொஞ்சம் தட்டையாக நின்று, சுவர் போல விழும். இஸ்திரிப் பெட்டி விட்டுவிட்டுத் துடிக்கும். நான் படியிறங்கி வந்தால், "பசியாறியாச்சா?" என்ற கேள்விக்குப் பிறகு, "விடிய விடிய லைட்டை அணைக்காம தூங்கிட்டீங்க போல" என்பார். குற்றம் சொல்வதாக இருக்காது. மழை பெய்ததைச் சொல்வது போலச் சொல்வார்.

செக்யூரிட்டி அண்ணன் சில நாள் தேவையில்லாமல் கெட்டலைப் போட்டுப் போட்டு அணைப்பார். "அக்காவுக்கும் பொழுது போகணும்ல" என்பார். மறுநாள் அக்கா அவரைப் பிடித்து, "ஒரு ஆளுக்கு எதுக்கு அவ்ளோ சுடுதண்ணி? வயிறு சரியில்லையா? கஷாயம் வெச்சித் தரவா?" என்று கேட்டு, வைத்தும் கொடுத்தார். அண்ணன் அதைக் குடித்தார். வேறு வழியில்லை.

கீழ் நடுவறையில் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் இருந்தார். ஓட்டல் சமையலறையில் வேலை. மதியம் வந்து ஏர்கான் போட்டுத் தூங்குவது வழக்கம். ஒருநாள் செருப்பு வாசலில் கிடக்கிறது, கோடு எழவில்லை. அக்கா கதவைத் தட்டினார். பதில் இல்லை. மாற்றுச் சாவியால் திறந்தார். அந்த மனிதர் குளிர் நடுக்கத்தில் தரையில் சுருண்டு கிடந்தார். டெங்கிக் காய்ச்சல். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு, இன்னொரு நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்று சொன்னார்களாம். ஊரிலிருந்து அவருடைய மனைவி கைப்பேசியில் அழைத்து அழுதார். அக்கா அதை ஒலிபெருக்கியில் போட்டு எங்கள் எல்லோருக்கும் கேட்க வைத்தார். அன்றிலிருந்து அந்த வெள்ளைப் பெட்டியைப் பற்றி வீட்டில் யாரும் முணுமுணுக்கவில்லை.

நான் மட்டும் இன்னொன்றையும் பார்த்திருந்தேன். மாடி நடுவறையில் ஒரு ஃபேக்டரிப் பையன் இருந்தான், கல்யாணம் நிச்சயமானவன். உடம்பு சரியில்லை என்று எம்.சி. எடுத்துக்கொண்டு பெண் வீட்டுக்குப் போயிருந்தான். மேற்பார்வையாளர் வீட்டு எண்ணுக்கு அழைத்து, ஆள் எப்படி இருக்கிறார், படுத்திருக்கிறாரா என்று கேட்டார். அக்கா கைப்பேசியைப் பார்த்தார். "இல்லியே. காலையிலேர்ந்து காத்தாடி கூட ஓடல" என்றார். அவனுக்கு வேலை போயிற்று. பெட்டியைக் கட்டிக்கொண்டு இறங்கியவன், "தூங்குறான்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாக்கா?" என்றான்.

"இல்லாத ஆளைத் தூங்குறான்னு எப்புடிப்பா சொல்றது? கேட்டாங்க, சொன்னேன்."

அவன் போன பிறகு அவர் வெகுநேரம் வாசலில் நின்றார். மனது கஷ்டப்பட்டதுதான். ஆனால் அவர் கணக்கில் தப்பு எதுவும் நடந்திருக்கவில்லை.

மாடிப் பின்னறைக்கு அந்தப் பெண் வந்தது அதற்குப் பிறகு. சுங்கைப் பட்டாணிக்காரி. முப்பது வயது இருக்கலாம். ஒரு தனியார் கிளினிக்கில் கவுண்டரில் வேலை. கையில் ஒரு பை. சன்னலைத் திறப்பதில்லை. கெட்டித் துணியைத் திரையாகத் தொங்கவிட்டு, அதற்கு மேல் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தாள். போவது வருவது எல்லாம் பின்வாசல் வழியாக. புருஷனிடமிருந்து வந்துவிட்டவள் என்பதை அக்கா என்னிடம் சொன்னார். நான் கேட்டதால் சொன்னார். கழுத்தில் ஒரு பக்கம் தோல் நிறம் மாறியிருந்தது. அதைப் பற்றி நான் கேட்கவில்லை.

வந்த அன்றே அவள் அக்காவிடம் ஒன்று கேட்டுக்கொண்டாள். அப்போது நான் சமையலறையில் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தேன்.

"யாராச்சும் என் பேரைச் சொல்லிக் கேட்டு வந்தா இங்க இல்லைன்னு சொல்லணும்க்கா. அவனுக்குத் தெரிஞ்சா என்னை விட மாட்டான்."

அக்கா உடனே சரி என்று சொல்லவில்லை. என்னைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். பிறகு, "உன் பேரைச் சொல்லிக் கேட்டா, அப்படி ஆளே தெரியாதுன்னு சொல்றேன். சரியா?" என்றார். ஒப்பந்தம் பேசுகிறவர் போல, வார்த்தைகளை எடுத்து வைத்தார்.

அந்த வாக்கை அவர் காப்பாற்றினார் என்பதையும் எழுத வேண்டும். ஒருநாள் மோட்டாரில் ஒருவன் வந்து, கைப்பேசியில் படம் காட்டி, பேரைச் சொல்லிக் கேட்டான். புருஷன் இல்லை, அவனுடைய கூட்டாளி. அவள் பேருந்திலிருந்து இறங்கி இந்தச் சந்துக்குள் நடந்ததை யாரோ பார்த்திருக்கிறார்கள். எந்த வீடு என்று தெரியவில்லை. அக்கா படத்தைப் பார்த்தார். "தெரியாது. பாத்ததில்ல" என்றார். அவன் அடுத்த வீட்டுக்குப் போனான். நான் வேலை முடிந்து வந்தபோது அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"பொய் சொல்லிட்டேன் தம்பி."

"நல்ல காரியம்தானேக்கா."

"நல்லதுதான். ஆனா அவன் தப்பா தெரிஞ்சிக்கிட்டுப் போறான். நாந்தான் அனுப்பி வெச்சேன்." வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். அந்தப் பெண் மேலிருந்து இறங்கி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

அதற்குச் சில வாரம் கழித்து, ஒரு காலையில் பின் சந்திலிருந்து சத்தம் கேட்டு நான் இறங்கினேன். அவள் பின்வாசல் படியில் சாய்ந்து கிடந்தாள். அக்கா ஒரு துண்டை அவள் கழுத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருந்தார். இன்னொரு கையால் கைப்பேசியில் ஆம்புலன்சுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். எந்தச் சந்து, எதற்கு எதிரில், எந்தப் பக்கம் வண்டி நுழையும், எந்தப் பக்கம் நுழையாது. எதிர்ச் சுவரோரம் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவள் புருஷன் என்று பிறகு தெரிந்தது. கத்தி அவன் காலடியில் கிடந்தது. அவன் ஓட முயலவில்லை. செக்யூரிட்டி அண்ணன் உள்ளாடையோடு வந்து அவனுக்கு முன்னால் நின்றுகொண்டார். ஆம்புலன்ஸ் சீக்கிரமாகவே வந்தது. ஆஸ்பத்திரியில் மதியத்துக்கு முன் அவள் இறந்துபோனாள்.

எங்கள் நாளிதழில் அது நான்கு பத்திச் செய்தி. நான் எழுதவில்லை. வேறொருவர் எழுதினார். 'குடும்பத் தகராறு' என்றிருந்தது.

போலீஸ் அன்று காலையே வீட்டுக்கு வந்தார்கள். இன்ஸ்பெக்டர் மலாய்க்காரர், நிதானமானவர். சமையலறையில் எங்களை வரிசையாக நிறுத்தி வாக்குமூலம் வாங்கினார். அக்கா கை கழுவியிருந்தார், கஃப்தானை மாற்றியிருக்கவில்லை. அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டார். என்ன சத்தம் கேட்டது, எப்படி ஓடினார் என்பதெல்லாம். இன்ஸ்பெக்டர் தன் பக்கத்தில் நின்ற போலீஸ்காரரிடம் திரும்பி மலாயில் சொன்னார்: எந்த அறை, எந்த வாசல், எந்த நேரம் என்று இவனுக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் புரியவில்லை. அது அக்காவிடம் கேட்ட கேள்வி இல்லை. யாரிடமும் கேட்ட கேள்வியே இல்லை.

"நாந்தான் சொன்னேன்" என்றார் அக்கா, மலாயில்.

செக்யூரிட்டி அண்ணன் அவர் தோளைத் தொட்டார். அக்கா தோளை விலக்கிக்கொண்டார். பிறகு நடந்ததை நடந்தபடியே சொன்னார். அதே சொற்களை, பின்னர் தமிழில் எங்களிடமும் சொன்னார். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

முந்தின நாள் மாலை ஒருவன் வாசலுக்கு வந்தான். பேர் எதையும் சொல்லவில்லை, படம் எதையும் காட்டவில்லை. வாடகைக்கு அறை இருக்கிறதா என்று கேட்டான். எல்லாம் நிறைந்துவிட்டது என்றார் அக்கா. குடிக்கத் தண்ணீர் கேட்டான். கொடுத்தார். குடித்துவிட்டு அண்ணாந்து பார்த்தான்.

"மாடியில பின்னால ஒன்னு சும்மா கெடக்கே."

"சும்மா இல்ல தம்பி. ஆள் இருக்கு."

"ரெண்டு நாளா அந்தப் பக்கமா போறேன்க்கா. சன்னல் தொறக்கல, லைட்டு எரியல. காலி ரூம்தான் அது. எனக்குக் குடுக்க இஷ்டம் இல்லன்னா அப்படிச் சொல்லுங்க. பொய் எதுக்கு?"

"நான் ஏன் பொய் சொல்றேன்? நீங்க ரோட்டுலேர்ந்து பாத்துட்டுப் பேசுறீங்க." கைப்பேசியை எடுத்தார். "இந்தா பாருங்க. இதுதான் மாடிப் பின்னறை. காலையில ஆறரைக்கு ஹீட்டர். அப்புறம் இது, ஹேர் ட்ரையர். ஏழுக்கு எல்லாம் ஆஃப், வேலைக்குக் கெளம்பிரும். சாயந்தரம் திரும்ப காத்தாடி. ஆளில்லாத ரூம்ல இதெல்லாம் ஓடுமா?"

அவன் குனிந்து பார்த்தான். "ஓடாது" என்று ஒத்துக்கொண்டான். "ஹேர் ட்ரையர்னா பொம்பளப் பிள்ளையா?"

"ஆமா."

"காலையில படியில ஏறி எறங்குற சத்தம் ஜாஸ்தியா இருக்குமோ? எனக்கு நைட் ஷிப்டு, தூக்கம் முக்கியம்."

"அந்தப் பிள்ளை சத்தமே போடாது. பின்வாசல் வழியா போயிரும்."

காலியானால் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டுப் போனான். நல்ல பையன் என்று அவருக்குத் தோன்றியதாம். அதையும் இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். அந்தப் பெண்ணிடம் ஏன் சொல்லவில்லை என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். "ரூம் கேட்டு வந்தவன்னு நெனச்சேன். பேரைச் சொல்லிக் கேட்டிருந்தா தெரியாதுன்னு சொல்லியிருப்பேன். அவன் பேரைக் கேக்கல" என்றார். இன்ஸ்பெக்டர் அதையும் எழுதிக்கொண்டார்.

அவர் சொல்லியிருக்காவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவன் தரப்பில் அதைச் சொல்ல அவசியமே இல்லை. கத்தியோடு பிடிபட்டவன் அவன்.

அவர் மீது யாரும் வழக்குப் போடவில்லை. போட இடமும் இல்லை. வீட்டில் யாரும் அவரைத் திட்டவில்லை. செக்யூரிட்டி அண்ணன்தான் ஒருநாள் கேட்டார்: "கோவம் இல்லக்கா. ஆனா அந்தப் பொட்டியைக் கழட்டிருங்களேன். எனக்கு லைட் சுவிட்சைத் தொட பயமா இருக்கு." அக்கா அன்றே வயர்மேனுக்கு அழைத்தார்.

வயர்மேன் இந்த முறை பேசவில்லை. மெயினை அணைத்தார். ஆறு வளையங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து எடுத்தார். நான் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். வயர்களில் கீறல் இல்லை, தடம் இல்லை. மாட்டியிருந்தது என்று சொன்னால்தான் தெரியும். அவர் பெட்டியை மூடியபோது, அக்கா தோசை சுடட்டுமா என்று கேட்டார். இன்னொரு வேலை இருக்கிறது என்று போய்விட்டார்.

குடியிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் காலி செய்தோம். காரணங்கள் எல்லாம் உண்மையானவைதான்: வேலை மாற்றம், கல்யாணம், ஊருக்குத் திரும்புவது. நான் அலுவலகத்துக்குப் பக்கத்தில் வீடு பார்த்துக்கொண்டேன். சாவியைக் கொடுத்தபோது, "நெசமாவே ஆபீஸ் பக்கத்துலன்னுதான் போறீங்களா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். அவர் இடது கண்ணைப் பாதி மூடிப் பார்த்தார். அதற்கு மேல் கேட்கவில்லை.

வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு வரத் தாமதமாயிற்று. சாட்சிகளில் நானும் ஒருவன். அக்காதான் முக்கியமான சாட்சி. அவன் முன்கூட்டியே திட்டமிட்டு வந்தான் என்பது அவர் சொல்வதை வைத்துத்தான் நின்றது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மரியாதையாகத்தான் கேட்டார். மாலை நேரம், இருட்டும் வேளை, வாசலில் வந்தது இதே மனிதர்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா?

"முடியும். வலது புருவத்துல தழும்பு. தண்ணியை இடது கையால வாங்குனாரு. வாசல் லைட்டு எரிஞ்சிச்சு, நாந்தான் போட்டேன்."

அவள் வெளியே போகும் நேரத்தை உங்கள் கைப்பேசி காட்டியதா, நீங்களே சொன்னீர்களா?

"ரெண்டும். காட்டினேன், சொல்லவும் சொன்னேன்."

குற்றவாளிக் கூண்டிலிருந்தவன் ஒரு தடவைகூட அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் அவனைப் பார்த்தபடியேதான் பதில் சொன்னார். சாட்சிக் கூண்டிலிருந்து இறங்கும்போது படி தெரியாமல் தடுமாறினார். நீதிமன்ற ஊழியர் பிடித்துக்கொண்டார்.

வெளியே நடைக்கூடத்தில் இறந்தவளுடைய தமக்கை உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு விசாரணைக்கும் சுங்கைப் பட்டாணியிலிருந்து பேருந்தில் வந்து, முடியும்வரை அதே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போவாள். யாரிடமும் பேசி நான் பார்த்ததில்லை. வீட்டுக்கார அக்கா கடந்து போகையில் அவள் கேட்டாள்.

"நீங்க சொல்லலன்னா அவன் வந்திருக்க மாட்டானா?"

நான் பக்கத்தில்தான் இருந்தேன். இந்தக் கேள்விக்குச் சொல்வதற்கென்று உலகத்தில் சில பதில்கள் உண்டு. அரசுத் தரப்பில் வந்திருந்த உதவியாளர் ஒருவர் அதில் ஒன்றைச் சொல்லவும் செய்தார். "அப்படியெல்லாம் இல்லம்மா. அவன் எப்படியும் கண்டுபிடிச்சிருப்பான்" என்றார்.

அக்கா யோசித்தார். பதிலைத் தேடுவதாகத் தெரியவில்லை. பதில் சரிதானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வதாகத் தெரிந்தது.

"வந்திருப்பான்மா. எப்படியும் வந்திருப்பான்" என்றார். "ஆனா வர்றப்ப ரூம் காலியா இருந்திருக்கும். அந்த வாரம் ஞாயித்துக்கிழம பிள்ளை ஜொகூருக்குப் போறதா இருந்துச்சு. அங்க வேல கெடச்சிருச்சு. என்கிட்ட மட்டுந்தான் சொல்லிச்சு."

உதவியாளர் அங்கிருந்து நகர்ந்துவிட்டார். பெஞ்சில் இருந்தவள் மடியிலிருந்த பையின் வாரைக் கையில் சுற்றினாள், அவிழ்த்தாள். அவளுக்கு இது தெரிந்திருக்கவில்லை.

"என்னா வேல?" என்று கேட்டாள்.

"கிளினிக்லதான். கவுண்டர்ல. தங்க எடமும் தர்றாங்கன்னுச்சு."

"சந்தோசமா இருந்துச்சா?"

"இருந்துச்சு. பொட்டிகூட கட்டிருச்சு."

அவள் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அக்கா உட்காரவில்லை. நின்றபடியே, அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்.